எந்த ஃபோம் என்பது இரண்டாவது கேள்வி

கோலார் தங்கவயலில் கூரை வேலை பார்க்கும் மேஸ்திரிகளுக்கும், வெல்டிங் பட்டறைக்காரர்களுக்கும், ஃபால்ஸ் சீலிங் தொழிலாளர்களுக்கும்:

சாம்பியன் ரீஃப், மாரிக்குப்பம், உரிகம், கோரமண்டல் பக்கத்துச் சுரங்கத் தொழிலாளர் லைன் வீடுகளில் கூரையைப் பற்றி முடிவெடுப்பது பெரும்பாலும் வீட்டுக்காரர் இல்லை, நீங்கள்தான். “ஷீட்டு சூடு தாங்கல, ஏதாவது பண்ணுங்க” என்று அவர் சொல்கிறார். என்ன பண்ணுவது என்பதை நீங்கள் சொல்கிறீர்கள். ராபர்ட்சன்பேட்டைக் கடையில் வெள்ளி ஃபாயில் ஒட்டிய ரோலை வாங்குவதா, தெர்மோகோல் பலகையா, பெங்களூரிலிருந்து பஃப் பேனலை இறக்குவதா, ஸ்ப்ரே அடிப்பவரைக் கூப்பிடுவதா என்பது உங்கள் வாய்ச்சொல்லில் தீர்மானமாகிறது. அதனால்தான் இந்த மடலை வீட்டுக்காரர்களுக்கு எழுதாமல் உங்களுக்கு எழுதுகிறேன். நான் சொல்ல வருவது ஒன்றே ஒன்று: எந்த ஃபோம் என்ற கேள்விக்கு நாம் அளவுக்கு மீறி மதிப்புக் கொடுக்கிறோம். சூட்டைத் தடுப்பதில் ஃபோமுக்கும் ஃபோமுக்கும் உள்ள வேறுபாடு சிறியது. தீப்பிடித்தால் என்ன ஆகும் என்பதில் உள்ள வேறுபாடு பெரியது. ஆகவே அது கூரையின் எந்தப் பக்கம் இருக்கிறது, எதன் மறைவில் இருக்கிறது என்பதை முதலில் தீர்மானித்துவிட்டு, வகையைப் பிறகு பாருங்கள்.

இந்த ஊருக்கு வெப்பத்தைப் பற்றிச் சொல்லித்தர யாரும் வேண்டியதில்லை. சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே போனது. அந்த ஆழத்தில் பாறையின் வெப்பமே 60 டிகிரிக்கு மேல். அங்கே ஆள் நின்று வேலை செய்யவேண்டும் என்பதற்காகக் காற்றைக் குளிர்வித்துக் கீழே அனுப்பினார்கள். மேலே, அதே ஆள் ஷிப்ட் முடிந்து வந்து படுக்கும் லைன் வீட்டுக்கு அப்படி ஒரு கணக்கை யாரும் போடவில்லை. ஆரம்பத்தில் தட்டி வீடுகள், பிறகு ஓடும் தகரமும் அஸ்பெஸ்டாஸும். 2001 பிப்ரவரி 28-ல் பாரத் தங்கச் சுரங்கம் மூடப்பட்டபின் பழுதுபார்க்கும் பொறுப்பும் குடியிருப்பவர் தலையில் விழுந்தது. கையில் கிடைத்த ஷீட்டைப் போட்டு மூடியதுதான் இன்றைய கூரைகளில் பாதி. இத்தனைக்கும் இது கொளுத்தும் ஊர் அல்ல. கடல்மட்டத்திலிருந்து சுமார் 850 மீட்டர் உயரத்தில் இருக்கும் மேட்டுநிலம். ஏப்ரலிலும் இரவில் வெளிக்காற்று இறங்கிவிடுகிறது. வேலூரையும் சித்தூரையும் ஒப்பிட்டால் வானிலை நம் பக்கம்தான். வீட்டுக்குள் வேகவைப்பது தலைக்கு மேல் இருக்கும் ஆறு மில்லிமீட்டர் சிமெண்ட் ஷீட்டோ அதைவிட மெல்லிய தகரமோதான்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். பத்தடிக்குப் பத்தடி அறை; கூரைப் பரப்பு சுமார் 9.3 சதுர மீட்டர். பழுப்பேறிய அஸ்பெஸ்டாஸ் ஷீட். கோடை நண்பகலில் நேர்வெயிலையும் சேர்த்துக் கணக்கிட்டால், கூரையின் வெளிப்பக்கம் அறையைவிட ஏறத்தாழ 25 டிகிரி சூடாக இருப்பதற்குச் சமம். வெறும் ஷீட் வழியாக அப்போது உள்ளே இறங்கும் வெப்பம் 1000 வாட்டை ஒட்டி வரும்: ஒரு இஸ்திரிப் பெட்டியை முழுச்சூட்டில் போட்டுவிட்டு அறையைச் சாத்தியது போல. இப்போது ஷீட்டின் அடியில் 5 மில்லிமீட்டர் ஃபோம் ரோலைக் கட்டினால் 630 வாட் அளவுக்குக் குறையும். ஃபாயில் பக்கம் பளபளப்பு மங்காமல், அதற்கும் ஷீட்டுக்கும் நடுவே காற்றிடைவெளி விட்டால் இன்னும் கொஞ்சம் குறையும். ஒரு அங்குலத் தெர்மோகோல் போட்டால் 250. அதே ஒரு அங்குலத்துக்கு விலை கூடிய பி.ஐ.ஆர். பலகை போட்டால் 175. தெர்மோகோலையே இரண்டு அங்குலமாக்கினால் 145. இவை அளவெடுத்த எண்கள் அல்ல, பொருள்களின் வெப்பக்கடத்து திறனிலிருந்து போட்ட கணக்கு. வீட்டுக்கு வீடு மாறும். ஆனால் எண்களுக்கு நடுவே உள்ள விகிதம் மாறாது. முதல் அங்குலம் 750 வாட்டை நிறுத்துகிறது. அதற்குமேல் உயர்ந்த ஃபோமைப் போட்டாலும், தடிமனை இரட்டித்தாலும் மிச்சமாவது நூறு வாட்டைச் சுற்றித்தான். காரணம் எளிது. எல்லா ஃபோமிலும் வேலை செய்வது பிளாஸ்டிக் அல்ல, அதற்குள் அசையாமல் அடைபட்ட காற்றோ வாயுவோதான். மெட்ராஸ் தளத்தின்மேல் மண்பானைகளைக் கவிழ்த்து அடுக்கிக் கலவை போட்ட பழைய கொத்தனார்கள் செய்ததும் இதையேதான்.

இந்தக் கணக்கில் இன்னொரு வரி இருக்கிறது. அதை விற்பனைக்கு வருபவர்கள் சொல்லமாட்டார்கள். அதே வெறும் ஷீட்டின் மேற்புறம் நன்றாக வெள்ளையடித்தால், எந்த ஃபோமும் இல்லாமலேயே, 1000 வாட் சுமார் 400-க்கு இறங்கும். வெயிலைத் திருப்பி அனுப்புவதும் வெப்பத்தை வழியில் தடுப்பதும் வேறு வேறு வேலைகள், முதலாவது மலிவு. வெள்ளையும் ஒரு அங்குல ஃபோமும் சேர்ந்தால் நூறு வாட்டுக்கு வந்துவிடும். தெலங்கானா அரசு 2023-ல் குளிர்கூரைக் கொள்கை என்று ஒன்றை அறிவித்ததும், அகமதாபாத்தின் குடிசைப் பகுதிகளில் மகிளா ஹவுசிங் டிரஸ்ட் கூரைகளுக்கு வெள்ளைப் பூச்சு அடித்துவருவதும் இந்த எளிய பௌதிகத்தை நம்பித்தான். தங்கவயலில் இதற்கு ஒரு தனித்தொல்லை உண்டு. காற்றுக்காலத்தில் சுரங்கக் கழிவு குவிந்த சயனைட் மேடுகளிலிருந்து பறக்கும் பொடி கூரையில் படியும், வெள்ளை பழுப்பாகிவிடும். அதனால் இங்கே ஒருமுறை அடித்து மூன்று வருடத்துக்கு மறந்துவிடும் வேலை நடக்காது. வருடத்துக்கு ஒருமுறை, பிப்ரவரி கடைசியில், கழுவி அடிக்க வேண்டியிருக்கும். அப்படியும் அது மலிவே. ஃபோம் வாங்கப் பணமில்லாத வீட்டுக்கு நீங்கள் சொல்லவேண்டிய பதில் சுண்ணாம்புதான், மெல்லிய ஃபோம் ரோல் அல்ல.

இனி ஃபோம்களுக்கு வருகிறேன். கடையில் பெயர் எதுவாக இருந்தாலும், சூடு பட்டால் உருகுவன, சூடு பட்டால் கருகுவன என்று அவற்றை இரண்டு குடும்பமாகப் பிரித்துக்கொள்ளலாம். தெர்மோகோல், நீலத்திலோ இளஞ்சிவப்பிலோ வரும் அடர்த்தியான எக்ஸ்.பி.எஸ். பலகை, ஃபாயில் ஒட்டிய மெல்லிய ஈ.பி.இ. ரோல் ஆகிய மூன்றும் முதல் குடும்பம். தெர்மோகோல் எண்பது, தொண்ணூறு டிகிரியிலேயே தளர்ந்து சுருங்கத் தொடங்கும். தீப்பிடித்தால் எரியும் சொட்டுகளாகக் கீழே விழும். அந்தச் சொட்டு விழும் இடம் பாயும் மெத்தையும் துணிக்கொடியும். இரண்டாவது குடும்பத்தில் நாம் பஃப் என்று சொல்லும் பாலியூரித்தேன், அதன் திருந்திய உறவான பி.ஐ.ஆர்., பிறகு ஃபினாலிக். இவை சொட்டாது. ஆனால் மறைப்பில்லாத பாலியூரித்தேன் பற்றினால் வேகமாகப் படரும். அதன் மூலக்கூற்றில் நைட்ரஜன் இருப்பதால் புகையில் ஹைட்ரஜன் சயனைடும் வரும். எந்தப் பொருளின் கரைசலை வைத்து இந்த ஊர் ஆலைகளில் நூறு வருடம் தங்கத்தைப் பிரித்தார்களோ அந்தச் சயனைட் குடும்பத்தின் வாயு. பி.ஐ.ஆர். மேற்பரப்பு கருகிக் கரித்தோலாகி உள்ளே தீ போவதைத் தாமதிக்கும், ஆனாலும் அதன் புகையில் அதே நஞ்சு உண்டு. ஃபினாலிக் மற்றவற்றைவிடப் புகை குறைவு, ஆனால் நொறுங்கும். ஈரம் பட்டால் அதிலுள்ள அமில மிச்சம் தகரத்தை அரிக்கும். ஒழுகும் கூரைக்கடியில் அதை வைப்பது பணத்தைக் கொடுத்துத் துருவை வாங்குவது.

இப்படிப் பார்த்தால் குறையில்லாத ஃபோம் ஒன்றுமில்லை. அதனால்தான் எதன் மறைவில் என்ற கேள்வி முந்துகிறது. 2003 பிப்ரவரி 20 இரவு அமெரிக்காவின் ரோட் ஐலண்டில் ‘ஸ்டேஷன்’ என்ற இசைக் கூடத்தில் 100 பேர் இறந்தார்கள். ஒலி வெளியே போகாமல் இருக்க மேடையைச் சுற்றிச் சுவரில் ஒட்டியிருந்த மறைப்பில்லாத ஃபோமில் வாணவேடிக்கைப் பொறி பட்டது. அந்நாட்டு அரசின் தர ஆய்வு நிறுவனம் பிறகு அந்த மேடைப்பகுதியை அதேபோல் அமைத்து எரித்துப் பார்த்தபோது, ஏறத்தாழ ஒன்றரை நிமிடத்தில் உள்ளே மனிதர் உயிரோடு இருக்கமுடியாத நிலை வந்தது. லைன் வீட்டில் மேடையோ வாணவேடிக்கையோ கிடையாது. ஆனால் அதே அறையில் கேஸ் அடுப்பு இருக்கிறது, சாமி விளக்கு இருக்கிறது, இருபது முப்பது வருடப் பழைய ஒயரிங் இருக்கிறது, பெரும்பாலும் வாசல் ஒன்றுதான் இருக்கிறது. கூரை உயரமும் குறைவு. இன்னொன்றையும் நீங்கள் ஏணியில் ஏறும்போதே கவனித்திருப்பீர்கள்: இடைச்சுவர் ஷீட்டைத் தொடும்வரை எழும்பாமல், மேலே ஒரு சாண் இடைவெளியோடு நிற்கும் லைன்கள் உண்டு. அந்த இடைவெளி வழியாக ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்கு ஃபோம் ரோலைத் தொடர்ச்சியாக ஓட்டினால், ஒரு வீட்டின் தீ வரிசை முழுவதற்கும் போக நாமே வழி போட்டுக் கொடுத்தவர்களாவோம். சுரங்கத்தில் வேலை பார்த்த தலைமுறைக்கு இது புரியும். கீழே மரத்தாங்கிகள் எரிந்தால் ஆளை முதலில் பிடிப்பது தீ அல்ல, திரும்பிப்போக வழியில்லாத இடத்தில் வந்து நிரம்பும் புகை.

“நாங்கள் போடுவது எஃப்.ஆர். தரம், தீப்பிடிக்காது, கம்பெனி சான்றிதழே இருக்கிறது” என்பது இதற்கு வரும் முதல் மறுப்பு. எஃப்.ஆர். என்றால் தீயைத் தாமதப்படுத்தும் மருந்து கலந்தது என்று மட்டுமே பொருள். ஒரு சிறு துண்டின் ஓரத்தில் சிறு சுடரைக் காட்டி எடுத்தால் தானே அணைகிறதா என்பதுதான் அதற்கான சோதனைகளில் பல. எரியும் எண்ணெய்ச் சட்டிக்கு மேல் பத்தடி பலகை என்ன செய்யும் என்பதை அந்தச் சோதனை சொல்லாது. லண்டனில் கிரென்ஃபெல் கோபுரம் 2017 ஜூன் 14-ல் எரிந்து 72 பேர் இறந்தபோது, அந்தக் கட்டடத்தின் வெளிச்சுவரில் இருந்த ஃபோம் பலகைகளும் சான்றிதழோடு வந்தவைதான். விசாரணையின் இறுதி அறிக்கை 2024 செப்டம்பரில் வெளியானது. சோதனை முடிவுகளைத் திரித்துக் காட்டி நேர்மையற்ற முறையில் அந்தப் பொருள்கள் விற்கப்பட்டதை அது விரிவாக எழுதியிருக்கிறது. சட்டமும் சோதனைக்கூடமும் உள்ள நாட்டில் அப்படியென்றால், அச்சடித்த ஒரு தாளை நம்பி நாம் ஒரு குடும்பத்தின் தலைக்குமேல் எதையும் விரிக்கக்கூடாது. எஃப்.ஆர். தரத்தை வாங்குங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. அது மறைப்புக்குப் பதிலாகாது. அமெரிக்கக் கட்டட விதிகள் அறைக்குள் இருக்கும் ஃபோமுக்கும் ஆட்கள் இருக்கும் இடத்துக்கும் நடுவே குறைந்தது அரை அங்குல ஜிப்சம் பலகையோ அதற்கு ஈடானதோ கேட்பது இதனால்தான்.

ஆக, ஷீட்டை மாற்றாமல் அடியில் வேலை செய்வதானால் நான் சொல்வது இது. சுவரிலும் பர்லினிலும் தாங்கும் சட்டகம் ஒன்றைப் போடுங்கள். ஷீட்டில் எதையும் தொங்கவிடவேண்டாம். ஒரு அங்குலத் தெர்மோகோலை வைத்து, கீழே ஜிப்சம் பலகையோ சிமெண்ட் ஃபைபர் பலகையோ ஸ்க்ரூ போட்டு மூடுங்கள். ஃபோம் கண்ணுக்குத் தெரிந்தால் வேலை முடியவில்லை என்று அர்த்தம். ஷீட்டுக்கும் ஃபோமுக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி இருக்கட்டும். கோடையில் தகரம் அறுபது, எழுபது டிகிரி போகும், தொட்டுக்கொண்டிருந்தால் தெர்மோகோல் நாளடைவில் சுருங்கும். ஒவ்வொரு வீட்டின் இடைச்சுவரிலும் ஃபோமை நிறுத்தி, மேலே உள்ள இடைவெளியைச் செங்கல்லும் கலவையும் வைத்து அடைத்துவிடுங்கள். அடுப்புக்கு நேர்மேலே ஃபோமே வேண்டாம். அங்கே மூன்றடிக்கு வெறும் சிமெண்ட் பலகை போதும். பி.வி.சி. ஒயர் தெர்மோகோலைத் தொட்டபடி கிடந்தால் ஒயரின் மேலுறையில் உள்ள மென்மையூட்டி ஃபோமுக்குள் இறங்கி, உறை விறைத்து வெடிக்கும். ஆகவே ஒயர் எல்லாம் பைப்புக்குள் போகவேண்டும். ஒட்டுவதற்கு ரப்பர் சொல்யூஷன் தடவினால் அதிலுள்ள கரைப்பான் தெர்மோகோலைத் தின்றுவிடும் என்பது உங்களுக்கே தெரியும். எலி நுழையும் ஓரங்களைக் கம்பிவலை வைத்து மூடுங்கள். எலிக்கும் எறும்புக்கும் தெர்மோகோலைவிடப் பிடித்த குடியிருப்பு இல்லை.

ஷீட்டையே மாற்றும் வீடுகளில் பேச்சு வேறு. அங்கே இரண்டு பக்கமும் தகரம் வைத்த பஃப் அல்லது பி.ஐ.ஆர். பேனல் நல்ல தேர்வு. மறைப்பு அதன் கூடவே வருகிறது, கனமும் அஸ்பெஸ்டாஸைவிட அதிகமில்லை, ஆதலால் பழைய சுவர் தாங்கும். பாறை வெடிப்பு அதிர்வில் விரிசல் கண்ட சுவர்கள் இந்த ஊரில் எத்தனையோ. சுரங்கங்களில் நீர் நிரம்பிய பிறகும் நில அதிர்வு நின்றபாடில்லை என்பதால் கனத்தைக் குறைப்பது தனி லாபம். பேனலை அறுத்த ஓரங்களில் ஃபோம் தெரியும். அதைத் தகரப்பட்டி வைத்து மூடாமல் இறங்கினால் மேலே சொன்னதெல்லாம் வீண். லேசான கூரை என்பதால் போல்ட்டையும் குறைத்துவிடாதீர்கள், ஆடிக்காற்று பேனலைக் கிளப்பும். ராபர்ட்சன்பேட்டை, ஆண்டர்சன்பேட்டைப் பக்கம் ஆர்.சி.சி. தளம் போட்ட வீடுகளுக்கு ஃபோமின் சரியான இடம் தளத்தின் மேல்: நீர்க்காப்பு பூசி, அதன்மேல் எக்ஸ்.பி.எஸ். பலகை, அதன்மேல் கலவையும் வெள்ளை ஓடும். எக்ஸ்.பி.எஸ். தண்ணீரை மிகக் குறைவாகவே உறிஞ்சும் என்பதால் இந்த வேலைக்கு அதுதான் பொருத்தம். தீ பற்றிய கவலையும் அங்கே குறைவு, நடுவே காங்கிரீட் இருக்கிறது.

ஸ்ப்ரே ஃபோமைப் பற்றிக் கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறேன். ஒழுகலும் நிற்கும் சூடும் நிற்கும் என்று விற்கிறார்கள். இரண்டும் ஓரளவு உண்மையே. ஆனால் அது ஐசோசயனேட்டும் பாலியாலும் கூரையிலேயே கலந்து வினைபுரியும் இரசாயன வேலை. அடிப்பவர் தகுந்த முகமூடியும் காற்றுக் குழாயும் இல்லாமல் அந்த ஆவியைச் சுவாசித்தால் ஆஸ்துமா வரலாம், ஒருமுறை வந்துவிட்டால் பிறகு சிறிதளவு ஆவி பட்டாலும் மூச்சு அடைக்கும். கலவை விகிதம் தவறினால் வீட்டில் மாதக்கணக்கில் நாற்றம். மங்களூர் ஓட்டுக்கு அடியில் அடித்துவிட்டால் ஒரு ஓடு உடைந்தால் அதை மட்டும் எடுத்து மாற்றமுடியாது. அஸ்பெஸ்டாஸுக்கு அடியில் அடித்தால் இன்னும் மோசம். “நாரைப் பூட்டிவிட்டோம், இனி பயமில்லை” என்கிறார்கள்; நாளை அந்த ஷீட்டை இறக்கும்போது நாரும் ஃபோமும் பிரிக்கமுடியாதபடி ஒட்டிய குப்பைதான் மிஞ்சும்.

அஸ்பெஸ்டாஸ் என்றதும் பலர் சிரிப்பார்கள். ஐம்பது வருடமாக அதன் கீழேதானே இருக்கிறோம் என்பார்கள். சும்மா இருக்கும் ஷீட்டால் ஆபத்து குறைவு என்பது சரிதான். துளை போடும்போதும், கிரைண்டர் வைத்து அறுக்கும்போதும், கம்பிப் பிரஷால் பாசியைத் தேய்க்கும்போதும்தான் நார் பறக்கிறது. முதலில் சுவாசிப்பது நீங்கள். இது புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியிருக்கிறது; நம் நாட்டில் 1986 முதல் அஸ்பெஸ்டாஸ் சுரங்கக் குத்தகைகளைப் புதிதாகக் கொடுப்பதும், 1993 முதல் பழையவற்றைப் புதுப்பிப்பதும் நிறுத்தப்பட்டன, இறக்குமதி மட்டும் நடக்கிறது. நுரையீரலில் தூசி செய்யும் வேலை இந்த ஊருக்குப் புதிதல்ல. 1940-களில் கோலார் தங்கச் சுரங்கத் தொழிலாளர் 7,653 பேரைப் பரிசோதித்தபோது 43.7 விழுக்காட்டினருக்குச் சிலிக்கோசிஸ் இருந்தது. கல்தூசி பத்து இருபது வருடம் காத்திருந்து ஆளை மடக்கியது போலவே அஸ்பெஸ்டாஸ் நாரும் காத்திருக்கும். ஆகவே அந்த ஷீட்டில் துளை வேண்டாம், தேய்ப்பு வேண்டாம். கழுவுவதானால் தண்ணீர் ஊற்றி நனைத்து, மெத்தென்ற துடைப்பத்தால். மேலே ஏறும்போது பலகை போட்டு ஏறுங்கள். பழைய ஷீட் கால் பதிந்தால் உடையும்.

அடுத்த மறுப்பு செலவைப் பற்றியது, அது நியாயமானதும்கூட. கர்நாடகத்தில் 2023 முதல் கிருஹ ஜோதி திட்டத்தில் 200 யூனிட் வரை மின்சாரம் இலவசம்; ஃபேனோ கூலரோ ஓட்டிவிட்டுப் போகலாமே, கூரைக்கு எதற்குச் செலவு என்கிறார்கள். அந்தத் திட்டத்தில் எல்லோருக்கும் 200 யூனிட் கிடைப்பதில்லை. 2022–23-ல் அந்த வீடு செலவழித்த சராசரியும், அதற்கு மேல் ஒரு சிறு கூடுதலும்தான் இலவசம். ஒரு பல்பும் ஃபேனும் டிவியும் மட்டும் ஓடிய லைன் வீட்டின் சராசரி மிகக் குறைவு; புதிதாகக் கூலர் வாங்கினால் கூடுதல் யூனிட்டுக்குப் பணம் கட்டத்தான் வேண்டும். மேலும் ஃபேன் வெப்பத்தைக் குறைப்பதில்லை, இருக்கும் காற்றைத் தள்ளுகிறது. ஷீட்டிலிருந்து நேராக உடம்பில் படும் அனலை அதனால் நிறுத்தமுடியாது. நண்பகலில் வீட்டில் இருப்பவர்கள் யார் என்றும் யோசியுங்கள். வேலைக்குப் போகிறவர் விடிவதற்குள் மாரிக்குப்பத்தில் பெங்களூர் ரயில் ஏறிவிடுகிறார். வீட்டில் இருப்பது மூச்சிரைக்கும் பழைய சுரங்கத் தொழிலாளியும், கைக்குழந்தையும், அடுப்பில் நிற்கும் பெண்ணும்.

வீடு யார் பெயரில் இருக்கிறது என்பது அதைவிடக் கனமான மறுப்பு. உரிமைப் பத்திரம் கைக்கு வராத இடத்தில் பணத்தைப் போடச் சொல்ல யாருக்கும் வாய் வராது. அதற்கும் என் பதில் வேலையின் முறையில்தான் இருக்கிறது. ஸ்க்ரூ போட்டு மாட்டிய சட்டகமும் பலகையும் கழற்றி எடுத்துப் போகக்கூடியவை. ஒட்டியதும் ஸ்ப்ரே அடித்ததும் சுவரோடு போய்விடும். நாளை மாறவேண்டி வந்தால் கூடவே கொண்டுபோகும்படி இன்று செய்துகொடுக்க உங்களால் முடியும். இன்னொரு பக்கம், அரசு இந்தக் கூரைகளைக் கவனிக்கும் என்று காத்திருப்பதிலும் அர்த்தமில்லை. 2018-ல் மத்திய அரசு கொண்டுவந்த ‘ஈக்கோ நிவாஸ் சம்ஹிதா’ வீட்டுக் கூரை வழியே போகும் வெப்பத்துக்கு ஒரு உச்சவரம்பு வைத்தது: ஒரு சதுர மீட்டருக்கு, ஒரு டிகிரிக்கு 1.2 வாட். நல்ல விதிதான், ஆனால் 500 சதுர மீட்டரும் அதற்கு மேலும் மனையுள்ள கட்டடங்களுக்கு. நம் வெறும் ஷீட்டின் எண் நான்குக்கு மேல். ஒரு அங்குலத் தெர்மோகோல் போட்டால் 1.1. அதாவது பெரிய மனைக்காரரிடம் அந்த விதி கேட்ட தரத்தை லைன் வீட்டில் நீங்கள் ஒரு அங்குலத்தில் கொடுத்துவிடலாம்.

ஃபோம் போட்ட வீட்டில் இரவில் புழுக்கம் என்று சிலர் குறை சொல்வதும் பொய்யில்லை. பகலில் வெப்பம் வராமல் தடுக்கும் பலகை, இரவில் அடுப்பும் ஆட்களும் உண்டாக்கிய சூட்டை வெளியே விடுவதையும் தடுக்கும். வெறும் தகரம் இரவில் சீக்கிரம் ஆறியது. இதற்கு ஃபோமைக் கழற்ற வேண்டியதில்லை, மேலே ஒரு திறப்பு வேண்டும். சீலிங் வேலையில் இருக்கிற வென்டிலேட்டரை மூடிவிடுவது நம் பழக்கம், அதை நிறுத்துங்கள். எதிர் எதிர்ச் சுவர்களில் உயரத்தில் இரண்டு திறப்பு இருந்தால் இந்த மேட்டுநிலத்து இரவுக்காற்று மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். மார்கழி, தை மாதங்களில் விடியற்காலை தகரத்தின் அடிப்பக்கம் வியர்த்துச் சொட்டுவதும் அதே பலகையாலும் காற்றோட்டத்தாலும் குறையும். கோடைக்காக மட்டும் கணக்குப் பார்ப்பவர்களிடம் இதையும் சொல்லுங்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். இந்த வேலைக்கு நீங்கள் எழுதிக் கொடுக்கும் சீட்டில் “ஃபோம் ஷீட், இத்தனை சதுர அடி” என்று மட்டும் எழுதாதீர்கள். என்ன வகை, எத்தனை மில்லிமீட்டர், அதை மூடிய பலகை எது என்று எழுதுங்கள். தெர்மோகோலுக்கு ஐ.எஸ். 4671, பஃப், பி.ஐ.ஆர். பலகைகளுக்கு ஐ.எஸ். 12436, ஃபினாலிக்குக்கு ஐ.எஸ். 13204 என்று இந்தியத் தர எண்கள் இருக்கின்றன. பொட்டி பேக்கிங்கிலிருந்து மிஞ்சிய தெர்மோகோலைக் கூரைக்குத் தள்ளும் கடைக்காரரிடம் அந்த எண்ணைக் கேட்டுப் பாருங்கள், பேச்சு மாறும். பிறகு எப்போதாவது வேறொருவர் அந்தச் சீலிங்கைப் பிரிக்க ஏறும்போது, உள்ளே இருப்பது எது, வெல்டிங் பொறி படலாமா கூடாதா என்பது அந்தச் சீட்டைப் பார்த்தால் அவருக்குத் தெரியவேண்டும்.